தேதி போடாத கடிதமும் ஒரு நாற்காலியும்: சபாநாயகர் சிவகுமார் விவகாரம்

2009 மே 8, வெள்ளிக்கிழமை காலை. பிறையில் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் ஒரே ஒரு தமிழ்ப் பத்திரிகைதான் இருந்தது, அது மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போவில் எடுத்த படம். கருப்பு அங்கி போட்ட ஒரு மனிதரை, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவர் மலேசியாவின் பேராக் மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகர். அது நடந்த இடம் அவரே தலைமை தாங்கவேண்டிய சட்டமன்ற மண்டபம். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு உட்காருவார், நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டீயைத் தொடாமல் வைத்துவிட்டார். "நம்ம பிள்ளையாச்சேப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் பெயர் வி. சிவகுமார். இப்போதுள்ள இளைஞர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், 2022 டிசம்பரிலிருந்து ஒரு வருஷம் மனிதவள அமைச்சராக இருந்தவர் என்பார்கள், அதோடு சரி. சபாநாயகராக அவர் இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில் என்ன நடந்தது, எதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது, எதில் சறுக்கினார், அது எப்படிச் சுற்றி வந்து எங்கள் பினாங்கு மாநிலச் சட்டத்துக்குள் உட்கார்ந்தது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு எண்ணம். பேராக்கில் நடந்ததை ஒரு பினாங்குக்காரன் ஏன் எழுதவேண்டும் என்று கேட்கலாம். நான் ஓட்டுப் போடும் தொகுதி செபராங் ஜெயா. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு, கடைசியில் அங்கே வந்து சேர்வோம்.

31-க்கு 28

2008 மார்ச் 8 தேர்தலை நம் மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூன்றரை மாதம் முன்னால், 2007 நவம்பர் 25-ல், கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக எழுந்த இண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. அந்தச் சூடு ஆறுவதற்குள் தேர்தல் வந்தது, ஓட்டு மொத்தமாகத் திரும்பியது, ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் ஜெயித்தன. பினாங்கில் 40-ல் 29 இடம் கிடைத்தது, நிம்மதியான பெரும்பான்மை. எங்கள் பக்கத்து பிறை தொகுதியில் ஜெயித்த பேராசிரியர் பி. இராமசாமி இரண்டாம் துணை முதல்வரானார், இந்த நாட்டில் அப்படியொரு பதவிக்கு வந்த முதல் இந்தியர். அன்றைக்கு இங்கே வீட்டுக்கு வீடு இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேராக்கில் நிலைமை வேறு. மொத்தம் 59 தொகுதி. ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜசெக) 18, மக்கள் நீதிக் கட்சிக்கு (பிகேஆர்) 7, இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கு 6, மூன்றும் சேர்ந்து மக்கள் கூட்டணிக்கு 31. மத்தியில் ஆண்ட, அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கு 28. இரண்டு பேர் பக்கம் மாறினால் போதும், ஆட்சி போய்விடும். மூன்று கட்சிகளில் மிகக் குறைவான இடம் வைத்திருந்தது பாஸ், ஆனால் மந்திரி புசார், அதாவது மாநில முதல்வர், மலாய்க்காரராக இருக்கவேண்டும் என்பது பேராக் அரசியல் சட்டத்தின் விதி என்பதால், பாஸ் கட்சியின் முகமட் நிசார் ஜமாலுடின் மந்திரி புசாரானார். இப்படி ஆரம்பத்திலிருந்தே எல்லாம் கவனமாகப் பிடித்துத் தூக்கவேண்டிய பாத்திரம் மாதிரிதான் இருந்தது.

அந்தச் சட்டமன்றத்தில்தான் துரோனோ தொகுதி உறுப்பினர் சிவகுமார் சபாநாயகரானார். துரோனோ, பத்துகாஜாவுக்குப் பக்கத்தில் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். மலேசியாவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். துணைச் சபாநாயகர் அதே ஜசெகவின் ஜெலாப்பாங் உறுப்பினர் ஹீ யிட் ஃபூங். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒய்பி, அதாவது தொகுதி உறுப்பினர், என்றால் நமக்குத் தெரியும். சாக்கடை அடைத்துக்கொண்டால், கோவில் நிலத்துக்குக் கடிதம் வேண்டுமென்றால், பிள்ளைக்கு அடையாள அட்டைப் பிரச்சினை என்றால் போய் நிற்பது அவரிடம்தான். சபாநாயகர் என்ன செய்வார் என்று என் அம்மாவே கேட்டார்கள். கூட்டத்தை நடத்துவார், யார் பேசலாம் என்று சொல்வார் என்றேன். அன்றைக்கு எனக்கும் தெரியாத ஒன்று இருந்தது. பேராக் அரசியல் சட்டப்படி ஓர் உறுப்பினர் பதவி விலகவேண்டுமென்றால், தன் கைப்பட எழுதிச் சபாநாயகருக்குத்தான் அனுப்பவேண்டும். அப்படியென்றால், 31-க்கு 28 என்று நிற்கும் ஒரு சபையில், அந்தக் கடிதம் வந்து சேரும் மேசைதான் மாநிலத்திலேயே முக்கியமான மேசை.

தேதிக்கான இடம்

2009 ஜனவரி 25-ல் போத்தா தொகுதியின் அம்னோ உறுப்பினர் நசாருடின் ஹாஷிம் பிகேஆருக்குத் தாவினார். மக்கள் கூட்டணித் தலைவர்கள் கொண்டாடினார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. கட்சித்தாவல் அந்த வாரம் நமக்குச் சாதகமாக வந்தபோது நம்மில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை, டீக்கடையில் நாங்களும் கைதட்டினோம். பத்தே நாளில் அது திரும்பி வந்தது.

பிகேஆரைச் சேர்ந்த இரண்டு ஆட்சிக்குழு (மாநில அமைச்சரவை) உறுப்பினர்கள், பேராங் தொகுதியின் ஜமாலுடின் முகமட் ராட்ஸியும் சங்காட் ஜெரிங்கின் முகமட் ஒஸ்மான் முகமட் ஜைலுவும், ஜனவரிக் கடைசியில் ஆளையே காணோம். அப்போது அவர்கள் மேல் ஊழல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கே இருக்கிறார்கள் என்று கட்சிக்காரர்களுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கடிதங்கள் வெளியே வந்தன. இரண்டு பேரும் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த, தேதி போடாத பதவி விலகல் கடிதங்கள். கட்சி அவற்றைச் சபாநாயகரிடம் கொடுத்தது. சிவகுமார் ஏற்றுக்கொண்டு, இரண்டு தொகுதியும் காலி என்று அறிவித்தார். நாங்கள் விலகவே இல்லை என்று அந்த இருவரும் சொன்னார்கள்.

இந்தக் கடிதத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே மாதிரி ஒரு கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே ஒரு சங்கத்தில் என்னைச் செயலவைக்குத் தேர்ந்தெடுத்தபோது, முதல் கூட்டத்திலேயே தலைவர் தட்டச்சு செய்த தாள்களை ஆளுக்கொன்றாக நீட்டினார். "என் சொந்தக் காரணங்களால் இன்று முதல் விலகிக்கொள்கிறேன்" என்று இருந்தது. கீழே என் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்துக்குக் கோடு. மேலே வலது மூலையில் 'தேதி' என்று போட்டு முக்காற்புள்ளி, அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக இடம். எல்லாரும் போடுகிறார்கள், ஒற்றுமைக்காகத்தான், யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்றார்கள். நானும் போட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: நான் என்றைக்கு விலகுகிறேன் என்பதை இனிமேல் வேறொருவர் பேனாதான் முடிவு செய்யும். அதற்கப்புறம் கூட்டத்தில் கணக்கு வழக்கு பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை இடம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு வருஷம் கழித்து, பேராக் செய்திகளைப் படித்த தைரியத்தில், கேட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், சிவகுமாரின் நிலையில் இருந்த நியாயமும் அதில் இருந்த ஓட்டையும் இரண்டுமே அந்த ஒரு தாளில்தான் இருந்தன. மக்கள் ஒரு கொடிக்கு ஓட்டுப் போட்டார்கள், அந்த ஓட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவது நம்பிக்கை மோசடி, அதைத் தடுக்க அன்றைக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை. ஏன் இல்லை என்றால், கிளந்தான் மாநிலம் இப்படியொரு கட்சித்தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அது நோர்டின் சாலே வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், சங்கம் சேரும் சுதந்திரத்தைத் தரும் அரசியல் சட்டத்தின் 10-ஆவது பிரிவுக்கு முரணானது என்று தள்ளுபடியாகிவிட்டது. சட்டக் கதவு மூடியதும் கட்சிகள் பின்பக்க ஜன்னல் தேடின. தேதி போடாத கடிதம் அந்த ஜன்னல். ஆனால் விலகல் கடிதம் என்பது விலகுகிறவர் மனசைச் சொல்லவேண்டும். ஆளே எதிரில் வந்து நான் விலகவில்லை என்று சொல்லும்போது, அவர் பழைய கையெழுத்தைக் காட்டி விலகிவிட்டாய் என்று சொல்வது எந்தச் சபாநாயகருக்கும் நிற்காது. சிவகுமாரை எனக்குப் பிடிக்கும், அன்றும் பிடிக்கும், ஆனாலும் அந்த அறிவிப்பு தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 3-ல் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தல் நடத்த மறுத்தது, அவர்கள் விலகியதிலேயே சந்தேகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மறுநாள் மொத்தமாக இடிந்தது. அந்த இருவரோடு ஹீ யிட் ஃபூங்கும் சேர்ந்து சுயேச்சைகளாகி, தேசிய முன்னணிக்கு ஆதரவு என்றார்கள். நசாருடின் அம்னோவுக்கே திரும்பினார். இப்போது 28 மக்கள் கூட்டணி, 28 தேசிய முன்னணி, மூன்று பேர் தேசிய முன்னணி பக்கம். 31-க்கு 28, அதே எண்தான், பக்கம் மட்டும் மாறிவிட்டது. நிசார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி சுல்தான் அஸ்லான் ஷாவிடம் கேட்டார், சுல்தான் இணங்கவில்லை. பிப்ரவரி 6-ல் அம்னோவின் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி புசாராகப் பதவியேற்றார். நிசாரோ நான் விலகவில்லை என்றார். ஒரு மாநிலம், இரண்டு மந்திரி புசார்.

தூங்குமூஞ்சி மரம்

எல்லாம் கைவிட்டுப் போன பிறகும் மக்கள் கூட்டணியிடம் மிச்சமிருந்த ஒரே பதவி சபாநாயகர் நாற்காலி. அவரை நீக்கவேண்டுமென்றால் சட்டமன்றம் கூடவேண்டும், கூட்டத்துக்குத் தலைமை அவரேதான். இந்தப் பிடியை சிவகுமார் முழு பலத்தோடு பயன்படுத்தினார். பிப்ரவரி 18-ல் உரிமைக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஸம்ரியை 18 மாதத்துக்கும் அவருடைய ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களை 12 மாதத்துக்கும் சபையிலிருந்து இடைநீக்கம் செய்தார். வழக்கு மேல் வழக்கு விழுந்தது. அதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று, ஈப்போ உயர் நீதிமன்றத்தில் அவர் தனக்கு வேண்டிய வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ள முடியாமல் போனது. சபாநாயகர் அரசாங்கத்தின் சார்பானவர், அதனால் மாநிலச் சட்ட ஆலோசகர்தான் அவருக்காக வாதாடவேண்டும் என்று ஆனது. அவர் மோதிக்கொண்டிருந்ததே அந்த அரசாங்கத்தோடுதான்.

மார்ச் 3-ல் அவசரக் கூட்டம் என்று அறிவித்தார். காலையில் போனால் மாநிலச் செயலகத்தின் வாசல் பூட்டு, வழி முழுக்கப் போலீஸ். உள்ளே விடவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் நாற்காலி போட்டு, சிவகுமார் அங்கியோடு உட்கார்ந்து, அங்கேயே சட்டமன்றத்தைக் கூட்டிவிட்டார். நிசார் மேல் நம்பிக்கைத் தீர்மானமும், சட்டமன்றத்தைக் கலைக்கவேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறின. சட்டப்படி அதற்கு மதிப்பு உண்டா என்பது வேறு விஷயம், நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்கப்புறம் அந்த மரத்துக்கே ஜனநாயக மரம் என்று பெயர் வந்துவிட்டது, கல்வெட்டு வைத்தார்கள், அதை உடைத்தும் போட்டார்கள்.

சில வருஷம் கழித்து பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறி ஈப்போ போனபோது, நிலையத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்தேன். நம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த மரம் நன்றாகத் தெரியும். சாயங்காலம் ஆனால் இலையெல்லாம் மடங்கிவிடும், ரப்பர் தோட்டத்து மைதானத்து ஓரத்தில் அதன் கீழேதான் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், தொழிற்சங்கக் கூட்டமும் நடக்கும். நான் போனது மத்தியானம், இலை விரிந்து நல்ல நிழல். கீழே இரண்டு பேர் சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று பார்த்தபோதுதான் செயலகக் கட்டடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது, அந்தத் தூரத்தைத்தான் அன்றைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களால் கடக்க முடியவில்லை.

மே 7

ஏப்ரல் மாதம் நீதிமன்றக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஏப்ரல் 9-ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், ஒரு தொகுதி காலியா இல்லையா என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்குத்தான் என்று சொன்னது. பேராக் சட்டத்தின் இடைத்தேர்தல் விதியில் அந்த வாசகம் இருக்கவே செய்கிறது, 60 நாள் கெடு ஓடத் தொடங்குவது தொகுதி காலி என்று ஆணையம் உறுதிப்படுத்திய நாளிலிருந்துதான். ஏப்ரல் 16-ல் ஸம்ரி முதலானவர்களின் இடைநீக்கமும் செல்லாது என்று ஆனது. இதற்கு நடுவில், ஏப்ரல் 7-ல், புக்கிட் கந்தாங் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிசார் நின்று ஜெயித்தார். மக்கள் ஒரு பக்கம், தீர்ப்புகள் இன்னொரு பக்கம்.

மே 7 காலை சட்டமன்றம் கூடியது. வெளியே கருப்புச் சட்டை போட்டவர்கள், கைது, தள்ளுமுள்ளு. உள்ளே சிவகுமார் தலைமை இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸம்ரியும் ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களும் தாவிய மூன்று பேரும் வெளியே போகவேண்டும், அதுவரை சபை தொடங்காது என்றார். யாரும் நகரவில்லை. மணிக்கணக்காக அதே நிலை. துணைச் சபாநாயகர் ஹீ யிட் ஃபூங் தான் கூட்டத்தை நடத்துவதாகச் சொல்லி, சிவகுமாரை நீக்கும் தீர்மானத்தை எடுத்தார், தேசிய முன்னணி பக்கம் ஆமோதித்தது. சுங்காய் தொகுதியின் முன்னாள் உறுப்பினர், தேசிய முன்னணியில் இருக்கும் மலேசிய இந்தியக் காங்கிரஸின் (மஇகா) ஆர். கணேசனைப் புதிய சபாநாயகராக அறிவித்தார்கள். சபாநாயகர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் நாற்காலி ஒன்றுதான், அதில் சிவகுமார் உட்கார்ந்திருந்தார். போலீசார் உள்ளே வந்து அவரை இழுத்துக்கொண்டு போய் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து காத்திருந்த ராஜா மூடா (பட்டத்து இளவரசர்) ராஜா நஸ்ரின் ஷா பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் வந்து தொடக்க உரையை வாசிக்க முடிந்தது.

ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் இரண்டு சபாநாயகர், இரண்டு பேரும் தமிழர். டீக்கடையில் அன்றைக்கு எழுந்த முதல் கோபம் இதுதான், தமிழனை வைத்தே தமிழனைத் தூக்கிவிட்டார்கள் என்று. அந்த வலி எனக்கும் இருந்தது. முதன்முதலாக ஒருத்தர் அந்த இடத்துக்குப் போனார், அவரை அந்தக் கோலத்தில் பார்ப்பதா என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் கணேசன் வராமல் வேறு யார் வந்திருந்தாலும் சிவகுமார் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. சண்டை மூன்று தொகுதிகளைப் பற்றியது. நம்மவர் யார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், போலீஸ் எப்படிச் சட்டமன்ற மண்டபத்துக்குள் நுழைந்து சபாநாயகர் மேல் கை வைக்கலாம் என்ற பெரிய கேள்வியை நம் பத்திரிகைகளே இரண்டாம் நாளில் விட்டுவிட்டன. சபைக்குள் நடக்கும் நடவடிக்கைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று கூட்டரசு அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குள் காவல்துறை எப்படி வரலாம்?

அதற்கு இரண்டே நாளில் இன்னொரு செய்தி. கமுண்டிங் தடுப்பு முகாமிலிருந்து இண்ட்ராஃப் தலைவர்கள் மூன்று பேர் விடுதலையானார்கள். அதில் ஒருவர் எம். மனோகரன், சிறைக்குள் இருந்தபடியே 2008-ல் சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தவர். ஒரே வாரத்தில் ஒரு தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினர் வெளியே வருகிறார், இன்னொருவர் நாற்காலியிலிருந்து இறக்கப்படுகிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்த வாரம் அது.

நீதிமன்றக் கதை மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 11-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் நிசார்தான் சட்டப்படி மந்திரி புசார் என்றது. 1966-ல் சரவாக்கில் பதவி நீக்கப்பட்ட முதல்வர் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில் சொன்ன மாதிரி, நம்பிக்கை இழந்ததைச் சபையில் ஓட்டெடுப்பு வைத்துத்தான் காட்டவேண்டும் என்பது அதன் அடிப்படை. மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, மே 22-ல் புரட்டியது. 2010 பிப்ரவரி 9-ல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் ஸம்ரிதான் மந்திரி புசார் என்று முடித்தார்கள், சபையில் ஓட்டெடுப்பு இல்லாமலே வேறு வழியில் பெரும்பான்மையை அறியலாம் என்று. ஒரு வருஷம் நீடித்த இழுபறியில் ஒரு தடவைகூட அந்த மூன்று தொகுதி மக்களிடம் போய் யாரும் கேட்கவில்லை.

சிவகுமார் துரோனோ உறுப்பினராக 2013 வரை ஒரே ஒரு தவணை இருந்தார். அப்புறம் பத்துகாஜா நாடாளுமன்றத் தொகுதிக்குப் போனார், 2013, 2018, 2022 மூன்று தடவையும் ஜெயித்தார். சட்டமன்றத்தில் அவர் கதை அந்த ஐந்து வருஷத்தோடு முடிந்தது. 2023 டிசம்பரில் அவருடைய அமைச்சர் பதவி எங்கள் பக்கத்து புக்கிட் மெர்த்தாஜாம் உறுப்பினர் ஸ்டீவன் சிம்முக்குப் போனபோது, அமைச்சரவையில் முழு அமைச்சராக ஒரு தமிழர்கூட இல்லையே என்று நம் மக்கள் வருத்தப்பட்டார்கள். அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

பினாங்கு சட்டம்

இப்போது செபராங் ஜெயாவுக்கு வருகிறேன். பேராக்கில் பட்ட சூடு பினாங்கு அரசாங்கத்துக்குப் புரிந்தது. கடிதம் வாங்கி அலமாரியில் வைப்பதற்குப் பதில், 2012-ல் மாநில அரசியல் சட்டத்திலேயே 14ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு கட்சியின் வேட்பாளராக ஜெயித்தவர் அந்தக் கட்சியை விட்டு விலகினாலோ நீக்கப்பட்டாலோ தொகுதியைக் காலி செய்யவேண்டும். 1992 தீர்ப்பு அப்படியே இருந்ததால் இது நிற்காது என்று பலர் சொன்னார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. இங்கே யாரும் தேதியை மறைக்கவில்லை. ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே வேட்பாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2020-ல் மத்தியில் ஆட்சி கவிழ்ந்தபோது அதன் ஆட்டம் இங்கேயும் வந்தது. பெர்தாம், தெலுக் பாஹாங், சுங்கை ஆச்சே, செபராங் ஜெயா என்று நான்கு உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். என் தொகுதியின் டாக்டர் அஃபிஃப் பஹார்டின் 2013-லிருந்து எங்களுக்கு உறுப்பினர், மாநில ஆட்சிக்குழுவிலும் இருந்தவர், பிகேஆரை விட்டு எதிர்ப்பக்கத்து பெர்சத்து கட்சியில் சேர்ந்துவிட்டார். 14ஏ பிரிவைக் கையில் எடுத்தார்கள், நால்வரும் நீதிமன்றம் போனார்கள். 2022 ஆகஸ்ட் 3-ல் அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் தலைமையில் ஏழு நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்றம் பினாங்குச் சட்டம் செல்லும் என்று ஒருமனதாகச் சொன்னது. அதே வருஷம் நாடாளுமன்றமும் கட்சித்தாவலைத் தடுக்க கூட்டரசு அரசியல் சட்டத்தில் 49ஏ பிரிவைக் கொண்டுவந்தது, அக்டோபர் 5 முதல் அது நடப்பில் இருக்கிறது.

2023 மார்ச்சில் நான்கு தொகுதியும் காலியாயின. அன்று அந்தச் செய்தி வந்ததும் நான் முதலில் நினைத்தது மாமாவைத்தான். 2009-ல் இப்படியொரு பிரிவு பேராக்கில் இருந்திருந்தால் சிவகுமார் எந்தக் கடிதத்தையும் கையில் எடுத்திருக்க வேண்டாம். மரத்தடிக்குப் போகும் நிலைமையே வந்திருக்காது.

ஆனால் இந்தச் சட்டத்திலும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியவன் ஆவேன். நால்வரில் பெர்தாமின் காலிக் மெஹ்தாப்பும் தெலுக் பாஹாங்கின் சோல்கிஃப்லியும் ஆரம்பத்திலிருந்தே பெர்சத்து கட்சிதான், கட்சி மாறவே இல்லை. அவர்கள் கட்சிதான் கூட்டணியை விட்டுப் போனது. 2018-ல் நம்பிக்கைக் கூட்டணி முழுக்க பிகேஆர் சின்னத்தில் நின்றதால் அவர்களும் அந்தச் சின்னத்தில் ஜெயித்தவர்கள். கட்சி போன வழியில் போனவரையும், தனியாகத் தாவியவரையும் ஒரே தராசில் வைக்கலாமா? அப்புறம் 'நீக்கப்பட்டாலும்' என்ற வார்த்தை. மத்தியச் சட்டம் கட்சியால் நீக்கப்பட்டவரைத் தண்டிப்பதில்லை, 14ஏ அவரையும் சேர்த்துக்கொண்டது. தலைமையைக் கேள்வி கேட்கும் ஓர் உறுப்பினரைக் கட்சி நீக்கினால் தொகுதியும் போய்விடும் என்றால், அந்தப் பயம் நான் சங்கத்தில் கையெழுத்துப் போட்ட தாளிலிருந்து எவ்வளவு தூரம்?

மாநிலத் தேர்தல் நெருங்கிவிட்டதால் இடைத்தேர்தல் வைக்கவில்லை. மார்ச்சிலிருந்து எங்கள் தொகுதிக்கு உறுப்பினர் இல்லை. ஆகஸ்ட் 12 காலை, பள்ளிக்கூடத்து நடைபாதையில் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் மாமாவின் மகன் நின்றுகொண்டிருந்தான். மாமா போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. அன்று இரவு முடிவு வந்தது: செபராங் ஜெயாவும் தெலுக் பாஹாங்கும் பெர்சத்து இருந்த பெரிக்காத்தான் கூட்டணிக்கு, பெர்தாமும் சுங்கை ஆச்சேயும் அம்னோவுக்கு. நான் போட்ட ஆள் ஜெயிக்கவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு, பத்து மணி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.